வெட்ட வெட்டத் துளிர்க்கும் கடல்

60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். கூட்டிக் கழித்தால் 96 லிட்டர். பாறையும் மணலும் பிடித்துக்கொண்ட இடம் போக, தண்ணீர் 80 லிட்டர் தேறும். இதற்குள் என்னென்ன வாழ்கின்றன என்று சொன்னால் என்னோடு சண்டைக்கே வருவீர்கள்! கடலில் மீட்டர் கணக்கில் பரந்து கிடக்கும் டார்ச் பவளம். அதன் பங்காளி ஹேமர். விட்டால் ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்குக் குடை விரிக்கும் தோல்பவளம். தட்டின்மேல் தட்டாக அடுக்கிக்கொண்டே போய், கீழே இருப்பவர்களின் வெளிச்சத்தையெல்லாம் தானே குடித்துவிடும் மான்டிபோரா. ஆண்டுக்கு 10 செ.மீ.க்கு மேல்கூடக் கிளை நீட்டும் அக்ரோபோரா. அத்தனையும் சோபாவுக்குப் பக்கத்தில், ஒரே கண்ணாடிப் பெட்டியில், கொழுகொழுவென்று!

சிங்கப்பூர் செங்காங் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் இருக்கிறது அந்தத் தொட்டி. வீட்டுக்காரர்கள் தமிழ்த் தம்பதி. நான் அவர்களைக் கூப்பிடுவது அண்ணன், அண்ணி என்றுதான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். பவளத்தொட்டியை முன்பக்கமாக நின்று பார்ப்பது யாருக்கும் கிடைக்கிற பாக்கியம். எனக்குக் கிடைத்தது அதற்கும் மேலே. அலமாரிக் கதவைத் திறந்து குழாய்களுக்கு நடுவே தலையை விட்டேன். ராத்திரி விளக்கெல்லாம் அணைந்த பிறகு சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டு உளவு பார்த்தேன். பவளத்தை வெட்டும்போது தட்டு ஏந்தி நின்றேன். இதையெல்லாம் யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்!

மீன் கடைகளிலும் புத்தகங்களிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் அறிவுரை ஒன்று உண்டு: சின்னத் தொட்டிக்குச் சின்னதாகவே இருக்கும் பவளத்தை வாங்கு, பெரிதாக வளர்வதைத் தொடாதே. நல்ல அறிவுரைதான். ஆனால் அண்ணிக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் கீழ்த் தட்டிலிருந்து ஒரு பழைய கோங் குவான் பிஸ்கட் டின்னை எடுத்து மூடியைத் திறந்தார். உள்ளே எலும்பு வெட்டும் கத்தரி ஒன்று, சவர பிளேடுகள், ஜெல் பதத்தில் உடனடிப் பசை, அயோடின் புட்டி, ரப்பர் கையுறை, கண்ணை மூடும் பிளாஸ்டிக் கண்ணாடி, கொசுவலைத் துண்டு, ஒரு கட்டு ரப்பர் பேண்ட்.

“இதைத் தொட மனசு வராதவங்க பெரிய பவளம் வாங்கக் கூடாது, தம்பி. மனசு வந்தா, எதை வேணும்னாலும் வாங்கலாம்.”

ஒரு வாரம் யோசித்தும் இந்தப் பேச்சில் எனக்கு ஓட்டை கிடைக்கவில்லை. இந்தத் தொட்டியில் உயிரோடு இருப்பவை அத்தனையும் இந்த டின்னின் தயவில்தான் இருக்கின்றன.

எப்படி? பவளம் என்று நாம் சொல்வது ஒரு பிராணி அல்ல, ஓர் ஊர். பாலிப் என்கிற, வாயும் வயிறும் சுற்றிலும் விரல்களும் மட்டுமே உள்ள சின்னஞ்சிறு உயிர், தன்னைத் தானே இரண்டாகப் பிளந்துகொண்டோ பக்கத்தில் மொட்டு விட்டோ பெருகிக்கொண்டே போகிறது. ஒவ்வொன்றும் தன் காலடியில் சுண்ணாம்புக் கல்லைக் கட்டுகிறது. சாலமன் தீவுகளருகே 2024-இல் கண்டறியப்பட்ட ஒரு பவோனா பவளம் 34 மீட்டர் அகலமும் 32 மீட்டர் நீளமும் கொண்டது. வயது சுமார் 300. அதில் ஏறக்குறைய நூறு கோடி பாலிப்கள் இருக்கலாம் என்கிறார்கள். அத்தனையும் எங்கிருந்தோ மிதந்து வந்து ஒட்டிய ஒற்றைக் குஞ்சின் வாரிசுகள்! இவ்வளவுதான் வளர வேண்டும் என்று இந்த உடம்புக்குள் எங்கும் எழுதி வைக்கவில்லை. அதேபோல, இவ்வளவுக்குக் குறைந்தால் செத்துப்போவேன் என்றும் எழுதி வைக்கவில்லை. கிளையை ஒடித்துத் தனியே நட்டால் அதுவும் முழுப் பவளம்தான். நம் கொல்லையில் முருங்கைப் போத்தை ஊன்றிவிட்டு மறந்துபோவோமே, அதே கதை. ஒடிக்க ஒடிக்கத்தான் தாய்மரமும் தழைக்கும்.

அப்படியானால் இனி வெட்டுவதைப் பார்க்கலாம், வாருங்கள்.

முதல் பலி டார்ச். பலி என்றது தப்பு. அதற்கு வலித்ததாகவே தெரியவில்லை. இந்தப் பவளத்தைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? பழுப்புப் பச்சையில் நீள நீளமான விரல்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் மஞ்சள் உருண்டை, நீரோட்டத்தில் அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிரும் ஒய்யாரம். நடுவிலே ஒரு ஜோடி கோமாளிமீன்கள் புரண்டு படுத்திருக்கும். கடலில் அவற்றின் வீடு கடல் சாமந்தி. இங்கே சாமந்தி இல்லாததால் டார்ச்சைத் தத்து எடுத்துக்கொண்டிருக்கின்றன. அண்ணி முதலில் சமையலறைக் குழாயில் முழங்கை வரை கழுவினார். சோப்பு கிடையாது, வெறும் தண்ணீர்தான். தொட்டிக்குள் கையை விட்டு, பவளத்தை மெல்ல அசைத்தார். விரல்கள் சுருங்கத் தொடங்கின. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்தப் பூங்கொத்து முழுக்கத் தன் கல்குழலுக்குள் ஒளிந்துகொண்டது. இப்போது தெரிவது தடித்த கிளைகளோடு ஒரு வெள்ளைக் கல்செடி மட்டும்.

“இங்க பாருங்க,” என்று விரலால் கோடு இழுத்துக் காட்டினார். ஒவ்வொரு கிளையின் நுனியிலும்தான் உயிர் இருக்கிறது. தசை அதிகம் போனால் இரண்டு மூன்று செ.மீ. கீழே இறங்கும். அதற்கும் கீழே வெறும் கல். பாலிப் கட்டிவிட்டு மேலே ஏறிப்போன பழைய மாடிகள். வெட்டு விழ வேண்டியது அந்தக் காலி மாடியில். எலும்புக் கத்தரி வாயைப் பிளந்தது. மொறுக்! அவ்வளவுதான். உயிருள்ள இடத்தில் இரும்பு படவே இல்லை. அயோடின் கலந்த உப்புநீரில் சில நிமிடம் ஊறவிட்டு, வட்டமான சுண்ணாம்பு வில்லை ஒன்றில் பசை வைத்து ஒட்டி, தொட்டியின் ஓரத்து நிழலில் வைத்தார். நாங்கள் தேநீர் குடித்து முடித்து, பேச்சு எங்கெங்கோ போய்த் திரும்பி வந்தபோது, வில்லையின் மேல் முதல் விரல் எட்டிப் பார்த்தது. நான் கூச்சல் போட்டதில் அண்ணன் பயந்தே போனார்.

இன்னொரு கிளையில் அண்ணி காட்டியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பாலிப் வட்டமாக இல்லை, நீள்வட்டமாக இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், நடுவில் இரண்டு வாய்! ஒரே உடம்பு, ஒரே விரல்கூட்டம், இரண்டு வாய். அடுத்து இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் விழும். கல்லும் கவட்டையாகப் பிரியும். கடைசியில் தனித்தனிக் கிளைகளில் இரண்டு தலைகள். உறைய வைத்த மைசிஸ் இறாலில் ஒன்றே ஒன்றை அண்ணன் பிப்பெட்டால் வலது வாய்ப் பக்கம் விட்டார். விரல்கள் மடங்கி அதை உள்ளே தள்ளின. சும்மா இருக்குமா இடது வாய்? அதுவும் திறந்து ஆளுக்கு முந்தி நின்றது. அதற்கும் ஒன்று கிடைத்தது.

ஒன்றைச் சொல்லி வைக்கிறேன், கடைக்குப் போகிறவர்களுக்கு உதவும். ஹேமரில் இரண்டு ரகம் உண்டு. கிளைவிடும் ரகத்தை டார்ச் மாதிரியே காலி மாடியில் வெட்டலாம். சுவர்போல வளைந்து நெளிந்து ஒரே தொடராக வளரும் ரகத்தில் அந்த வசதி இல்லை. உயிருள்ள தசையைக் குறுக்கே அறுத்தாக வேண்டும். அறுத்த வாயில் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒரு நோய் பிடித்துக்கொண்டால் ஓரிரு நாளில் கூண்டோடு காலி. சின்னத் தொட்டிக்காரர்கள் கிளை ரகத்தோடு நிற்பதே உத்தமம். சுவர் ரகம் கண்ணைப் பறிக்கும்தான். பறிக்கட்டும், கடையிலேயே ரசித்துவிட்டு வந்துவிடுங்கள்.

இப்போது அலமாரிக்குள் போவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்!

கதவைத் திறந்ததும் உப்பு வாடை. இருட்டில் சின்னச் சின்னப் பச்சை விளக்குகள். குமிழ் கொப்பளித்து அழுக்கை நுரையாகக் கக்கும் புரதநுரைப்பான். அதற்கு எதிரே உள்ளங்கை அளவில் நாலு சக்கரங்கள் வைத்த ஒரு கருவி. திடீரென்று முதல் சக்கரம் ‘டுர்ர்ர்’ என்று சுற்றி, மெல்லிய குழாய் வழியே சில சொட்டுகளைத் தள்ளிவிட்டு நின்றது. சிறிது நேரம் பொறுத்து இரண்டாவது சக்கரம். இரவும் பகலும் மணிக்கொரு தடவை இந்தச் சடங்கு நடக்கிறது.

“இதுல என்ன ஊத்துறீங்க அண்ணே?”

“ஆப்பசோடா.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். நிஜமாகவே ஆப்பசோடாதான்! சோடியம் பைகார்பனேட். இன்னொரு புட்டியில் கால்சியம் குளோரைடு. பவளத்தின் கல், கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்த சுண்ணாம்பு. இரண்டையும் அது தண்ணீரிலிருந்தே உறிஞ்சியெடுத்துக் கட்டுகிறது. கடலில் இது தீராத சரக்கு. 80 லிட்டரில் இது நாலு நாள் சரக்கு. பெரிதாக வளரும் பவளங்களைச் சின்னத் தொட்டியில் வைத்தால் முதலில் தட்டுப்பாடு வருவது இடத்துக்கு இல்லை, இந்தக் கல்லுக்குத்தான்.

அண்ணன் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். தண்ணீரின் காரத்தன்மையை அளக்க டிகேஎச் என்று ஓர் அலகு இருக்கிறது. கடல்நீரில் அது 7-ஐ ஒட்டி இருக்கும்; இவர் தொட்டியில் 8-க்கும் 8.5-க்கும் நடுவே பிடித்து வைத்திருக்கிறார். ஊட்டத்தை நிறுத்தினால் ஒரே நாளில் 1 டிகேஎச் இறங்கிவிடுகிறது. அது 80 லிட்டருக்குச் சுமார் 1.4 கிராம் சுண்ணாம்புக் கல். அதாவது, அண்ணன் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி, சாப்பிட்டு, தூங்கி எழுகிற 24 மணி நேரத்தில், இந்தக் கூடத்தின் மூலையில் 1.4 கிராம் புதுக் கல் முளைத்திருக்கிறது! ஆண்டுக்கு அரைக் கிலோவுக்கும் மேல்! அதை ஈடுகட்டத் தினமும் வேண்டியது சுமார் 2.4 கிராம் ஆப்பசோடா, அரை டீஸ்பூன். கூடவே கால்சியமும். இரண்டையும் தனித்தனியே, இணையாகக் கொடுக்கும் முறைக்கு பாலிங் முறை என்று பெயர். ஹான்ஸ்-வெர்னர் பாலிங் என்ற ஜெர்மானியரின் பெயர் அது.

அரை டீஸ்பூனைக் காலையில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்டேன். அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டார். பெரிய தொட்டியில் அது தெரியாது. சின்னத் தொட்டியில் காரத்தன்மை ஒரே மூச்சில் எகிறும். அக்ரோபோராவின் நுனி வெந்ததுபோல வெளுத்துவிடும். பவளம் குறைவாக இருப்பதைக்கூடச் சகித்துக்கொள்ளும். ஏறி ஏறி இறங்குவதை மட்டும் சகிக்காது. அதனால்தான் ஒரு நாள் பங்கை 24 துளிப் பங்காகப் பிரித்து, ராத்திரி இரண்டு மணிக்கும் அந்தச் சக்கரம் சுற்றுகிறது.

சிங்கப்பூர் வெக்கையைச் சொல்லாமல் விடக் கூடாது. வெளியே 31, 32 டிகிரி. தண்ணீருக்கு வேண்டியது 25, 26. துணி காயவைக்கும் பக்கத்தில் ஒரு குளிரூட்டி உறுமிக்கொண்டிருக்கிறது. நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிவிடுவதால், மட்டம் ஒரு நூல் இறங்கினாலும் ஒரு கண் அதைப் பார்த்துச் சுத்திகரித்த நன்னீரைச் சொட்டு விடுகிறது. லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்ற கணக்கு அசையாமல் நிற்பது அந்தக் கண்ணால்தான். வாரம் ஒருமுறை 8 லிட்டர் தண்ணீர் மாற்றுகிறார்கள். மற்றபடி இந்தப் பக்கம் நான் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் ராத்திரி இருக்கிறதே!

பத்து மணிக்கு நீல விளக்கும் அணைந்தது. அண்ணி என்னைத் தரையில் உட்காரச் சொல்லிக் கையில் சிவப்பு விளக்கைக் கொடுத்தார். சிவப்பு வெளிச்சம் பவளங்களை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. பகலில் ஒரு சாண் இடத்தில் அடக்கமாக ஆடிக்கொண்டிருந்த டார்ச்சின் ஓரத்தில், கண்ணாடிநூல் மாதிரி இரண்டு இழைகள் நீண்டு கொண்டே போயின. மற்ற விரல்களைவிடப் பல மடங்கு நீளம். தண்ணீர் தள்ளும் திசையிலெல்லாம் அவை தடவித் தடவித் தேடின. பக்கத்தில் வேற்றுப் பவளம் அகப்பட்டால் கொட்டிக் கருக்கிவிடும். எல்லைப் பாதுகாப்பு! சில பவளங்களின் போர் முறை இன்னும் பயங்கரம்: வயிற்றுக்குள் இருக்கும் செரிமான இழைகளை வெளியே தள்ளி, பக்கத்து வீட்டுக்காரரை அவர் வீட்டிலேயே வைத்துச் செரித்துவிடும். ஜமைக்காக் கடலில் இதைக் கவனித்து, எந்தப் பவளம் எதை அடிக்கும் என்று 1970-களில் வரிசைப்படுத்தி எழுதியவர் ஜூடித் லாங் என்ற ஆய்வாளர். அதற்கு முன்பு வரை பவளங்களைச் சாதுக்கள் என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள்.

பகலில் பார்த்தபோது டார்ச்சைச் சுற்றி 15 செ.மீ. வெறும் பாறையாக விட்டிருப்பதைக் கண்டு, இவ்வளவு இடத்தை வீணடிக்கிறார்களே என்று நினைத்தேன். 60 செ.மீ. தொட்டியில் 15 செ.மீ. என்பது கால் பங்கு! இரவில் பார்த்த பிறகுதான் அந்தக் காலி இடம் காலி இல்லை என்று புரிந்தது. இரவு நேரத்தில் அது டார்ச்சின் நிலம். ஹேமர் அந்தக் கோட்டுக்கு அப்பால். கேலக்சியா பவளத்துக்கு இந்த வீட்டில் இடமே கிடையாது. அதன் தாக்கும் இழைகள் 30 செ.மீ. வரைகூட நீளும். இந்தத் தொட்டியில் பாதி! பச்சை நட்சத்திரப் பவளம் இருக்கிறது, ஆனால் மணலின் நடுவே தனிக்கல்லில். விட்டால் கம்பளமாகப் படர்ந்து பாறை மொத்தத்தையும் மூடிவிடும். மணலைத் தாண்டத் தெரியாததால் அதற்கு அந்தத் தனித்தீவே உலகம். வழிந்தால் ஊதாத் தோலை நகத்தால் உரித்துக் கொடுத்துவிடுவார் அண்ணி.

தோல்பவளம் வெட்டுவதை மறுநாள் பார்த்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தேன்! இதற்குள் பெரிய கல் கிடையாது. தசையும் அதற்குள் பொடிப்பொடிச் சுண்ணாம்பு ஊசிகளும்தான். காளான்போல விரியும் அதன் குடை ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வந்துவிட்டது. அடியில் இருந்த எல்லாருக்கும் இருட்டு. அண்ணி அதை எடுத்து ஒரு தட்டில் வைத்து, பிளேடால் குடையை மொத்தமாகக் கழுத்தோடு அறுத்தார். நான் “ஐயோ” என்றேன். “தண்டு போதும், தம்பி. புதுக்குடை தானா வரும்.” அறுத்த குடை நாலு துண்டானது. வழவழவென்று வழியும் சளியில் எந்தப் பசையும் ஒட்டாது. அதனால்தான் டின்னில் கொசுவலை: ஒரு கிண்ணத்தில் சின்னக் கற்களைப் போட்டு, மேலே துண்டை வைத்து, வலையால் மூடி, ரப்பர் பேண்ட் போட்டு, நீரோட்டம் குறைவான இடத்தில் விட்டுவிடுவது. ஒன்றிரண்டு வாரத்தில் தானே கல்லைப் பிடித்துக்கொள்ளும். காயப்பட்ட தோல்பவளம் தண்ணீரில் கசப்பான வேதிப்பொருள்களைக் கக்கும். பக்கத்து அக்ரோபோராவுக்கு அது ஆகாது. அன்றைக்கே வடிகட்டியில் புதுக் கரித்தூளை நிரப்பினார் அண்ணன்.

வெட்டாவிட்டாலும் தோல்பவளம் அவ்வப்போது சுருங்கி, முகத்தில் மெழுகு பூசியதுபோலப் பளபளத்து, நாள் கணக்கில் விரல் நீட்டாமல் கிடக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் செத்துவிட்டதென்று அழுது தூக்கிப் போட்டுவிடுவார்களாம். போடாதீர்கள்! மேல்தோலைக் கழற்றுகிறது. உரித்து முடித்ததும் முன்னைவிட அழகாக விரியும்.

டின்னில் இருந்த கண்ணாடியும் கையுறையும் இன்னொரு கூட்டத்துக்கு. தொட்டியின் இடது மூலையில் பொத்தான் பொத்தானாக, நியான் நிறத்தில் ஜோயாந்திட்கள் கொஞ்சம் இருக்கின்றன. இந்தக் குடும்பத்தில் சிலவற்றில், முக்கியமாகப் பாலிதோவாவில், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அண்ணி இங்கே சிரிப்பை நிறுத்திக்கொண்டார். கையில் கீறல் இருந்தால் தொடுவதில்லை. கண்ணை மூடாமல் வெட்டுவதில்லை. இவை ஒட்டியிருக்கும் கல்லை வெந்நீரில் கொதிக்க வைப்பது கூடவே கூடாது. ஆவியை மூச்சிழுத்து வீடே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. அழகுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

வீட்டுக்குள் பவளம் வளர்க்கும் பித்து இன்று நேற்று வந்ததல்ல. 1846-இல் ஆனா தைன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி டார்க்கி கடற்கரையிலிருந்து கல்பவளங்களை லண்டனுக்கு எடுத்துவந்து, கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தார். பம்பு இல்லை, மின்சாரம் இல்லை. திறந்த ஜன்னலருகே நின்று ஒரு பணிப்பெண் தினமும் அந்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றேற்றியிருக்கிறார். பவளங்கள் பல்கிப் பெருகின. பெயர் பதிவாகாத அந்தப் பணிப்பெண்ணை நினைத்தால் எனக்கு நெஞ்சு விம்முகிறது. உலகத்தின் முதல் அலைப் பம்பு அவருடைய இரண்டு கைகள்! பிறகு சிங்கப்பூருக்குப் பக்கத்திலேயே, ஜகார்த்தாவில், லீ சின் எங் என்பவர் கடலிலிருந்து உயிர்ப்பாறையை அப்படியே கொண்டுவந்து, காற்றுக்குமிழ் மட்டும் விட்டுப் பவளம் வளர்த்து, 1961-இல் அதை எழுதியும் காட்டினார். தண்ணீரைச் சுத்தம் செய்யும் வேலையைப் பாறையில் வாழும் நுண்ணுயிர்களிடம் விட்டுவிட்ட அந்த யோசனையில்தான் இன்றைய தொட்டிகள் எல்லாம் நிற்கின்றன.

என் மனம் கவர்ந்தவர் பெர்லினின் டீட்ரிஷ் ஸ்டூபர். தன் வீட்டுத் தொட்டியில் வளர்ந்த அக்ரோபோராவை ஒடித்து ஒடித்துப் பிறருக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார். வாங்கியவர்கள் வளர்த்து, ஒடித்து, அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். நாடு விட்டு நாடு போய், அந்த ஒரே பவளம் எத்தனையோ கூடங்களில் கிளை விரித்தது. அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். ஒரு தொட்டி உடைந்தாலும் பவளம் அழியாது. அதன் உடம்பு ஊரெங்கும் இருக்கிறது.

இந்தோனேசியா 2018-இல் பவள ஏற்றுமதியை நிறுத்தியபோது, அங்கிருந்தே சரக்கு வாங்கிப் பழகிய கடைகள் வெறிச்சோடின. வளர்ப்புப் பவளங்களுக்கு 2020-இல் மீண்டும் வழி திறந்தது. நடுவில் இருந்த காலத்தில் இந்தப் பொழுதுபோக்கைக் காப்பாற்றியதில் அண்ணியைப் போன்றவர்களின் டின்னுக்கும் பங்கு உண்டு. கடலைத் தொடாமல், வீட்டுக்கு வீடு போத்து மாற்றிக்கொண்டார்கள். கடலிலிருந்து ஒரு கிளைகூட எடுக்காமல் தொட்டியை நிரப்ப முடியும் என்றால், அப்படித்தான் நிரப்ப வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒடிக்கத் தழைக்கும் இந்தக் கதை ஆய்வகத்திலும் நடந்தது. புளோரிடாவில் மோட் கடல் ஆய்வகத்தின் டேவிட் வாகன் தற்செயலாக ஒரு பவளத்தை உடைத்துவிட்டார். கீழே ஒட்டிக்கிடந்த துணுக்குகள் செத்திருக்கும் என்று பார்த்தால், அவை தாய்ப் பவளத்தைவிட வேகமாக வளர்ந்துகொண்டிருந்தன! பிறகு வேண்டுமென்றே பவளங்களை நகக்கண் அளவுக்கு நறுக்கி, ஓட்டில் இடம்விட்டு ஒட்டினார்கள். ஒரே தாயின் துண்டுகள் ஒன்றையொன்று தொட்டதும் சண்டை போடுவதில்லை. அடையாளம் கண்டுகொண்டு ஒட்டி ஒன்றாகிவிடுகின்றன. மெதுவாக வளரும் பெரும்பவளங்களை இப்படிப் பல மடங்கு வேகத்தில் வளர்த்துக் கடலில் நடுகிறார்கள். அண்ணியின் தொட்டியிலும் இதைப் பார்த்தேன். பின்பக்கக் கண்ணாடியில் மான்டிபோராவின் நாலு சில்லுகளை ஒட்டி வைத்திருந்தார். மூன்றுக்கு நடுவே இருந்த கோடு மறைந்தே போய்விட்டது. நாலாவதுக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு மயிரிழை வெள்ளை மட்டும் பாக்கி.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் கைகள் துறுதுறுக்கும் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். இந்தியாவில் கல்பவளங்கள் எல்லாம் 2001-இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே காவல். கரையில் ஒதுங்கிய துண்டைக்கூட வீட்டுக்கு எடுத்துவர முடியாது. அந்தக் காவல் ஏன் வேண்டும் என்பதற்குச் சாட்சி நம் கண்ணெதிரே இருக்கிறது: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் இன்று தண்ணீருக்கு அடியில். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே அவை கரைந்தன. அதே கடலில், தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தினர் 2002-இலிருந்து பவளத் துண்டுகளைச் சிமெண்டுச் சட்டங்களில் கட்டி நட்டு வளர்க்கிறார்கள். செங்காங் கூடத்தில் நான் தட்டு ஏந்தி நின்று பார்த்த அதே வித்தை, அங்கே திறந்த கடலில், தண்ணீருக்கு அடியில். அங்கே நடும் கைகள் நம் ஊர்க் கைகள் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை!

ஞாயிற்றுக்கிழமை மாலை அண்ணி வீட்டு அழைப்பு மணி ஓயவில்லை. போத்து வாங்க ஆள்கள் வந்தபடி இருந்தார்கள். தேசிய சேவையில் இருக்கும் ஒரு மொட்டைத்தலைப் பையன், பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு சீனத் தாத்தா, சாப்பாட்டு டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு ஓடிவந்த எதிர்வீட்டு மலாய் அம்மா. காசு யாரும் கொடுக்கவில்லை. பையன் டார்ச் தலைக்குப் பதிலாகப் பறவைக்கூடு பவளத்தின் இளஞ்சிவப்புக் கிளை ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். தாத்தா எப்போதோ இங்கிருந்து வாங்கிப்போன ஹேமரில் ஏழு தலை வந்துவிட்டதென்று கைப்பேசியில் படம் காட்டி, இரண்டைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டார். மலாய் அம்மாவுக்குத் தோல்பவளத் துண்டு. ஒட்டிக்கொள்ளும் வரை தொடவே கூடாது என்று அண்ணி மூன்று தடவை சொல்லி அனுப்பினார். சாப்பாட்டு மேசை முழுக்கத் தண்ணீர்ச் சொட்டு, செய்தித்தாள், ரப்பர் பேண்ட்.

“அடுத்த மாசம் மான்டிபோரா மேல் தட்டு இறங்குது. யாருக்கு வேணும், இப்பவே சொல்லிடுங்க!” என்று அண்ணி குரல் கொடுத்ததுதான் தாமதம். பேத்தி இரண்டு கையையும் தூக்கினாள். ஒரு கை தனக்காம், இன்னொன்று தாத்தாவுக்காம்.